வால் வந்து சேர்வதற்குள்

ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க மேடம்னு சொல்லிட்டுப் போன ஹெல்ப்லைன் ஃபரூக் இன்னும் வரல. காதுல புல்லாங்குழல். அதே மெட்டு முடிஞ்சு, ஒரு பொண்ணு உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு சொல்லி, மறுபடி அதே மெட்டு. முக்கியம்னா வந்து எடுங்களேன்மா. நான் கட்டளையை அடிச்சு முடிச்சுட்டேன், திரையில கட்டம் மினுக்கு மினுக்குன்னு நிக்குது, என்டரைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி, விரல் அதுமேலயே கிடக்குது, தட்டல. அவரு பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் தட்டணுமாம். பெங்களூர்ல உக்காந்துக்கிட்டே என் திரையைப் பாப்பாரு, ரெண்டு பேரும் சேந்து பாத்தாத்தான் கம்ப்ளைன்ட்ல எழுத முடியுமாம். வாஸ்தவந்தான். ஆனா இது பாக்கற கட்டளை, மாத்தற கட்டளை இல்ல. இப்ப ஒரு தடவை தட்டிட்டு, அவரு வந்ததும் இன்னொரு தடவை தட்டுனா நெட்வொர்க் ஸ்விட்ச் ஒண்ணும் கோவிச்சுக்கப் போறதில்ல. அது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் விரல் இறங்க மாட்டேங்குது. ஸ்கேன் சென்டர் சர்வர் ரூம் ஏசி முதுகுல ஊதுது, சால்வையை இழுத்து விட்டுக்கறேன், வெளிய திருச்சி வெயிலு மண்டையைப் பொளக்குது, இங்க நான் மார்கழி மாசம் கொண்டாடிக்கிட்டு இருக்கேன். ஃபேனுங்க எல்லாம் சேந்து ஒரே இரைச்சல். வந்த புதுசுல இந்த இரைச்சல்ல தலைவலி வரும், இப்ப வீட்டுக்குப் போனா இது இல்லாம என்னமோ மாதிரி இருக்கு. என்னா, ஒரே ஒரு வரிதான வரப் போகுது. மேல்மாடியில இருக்கற அந்த ஸ்விட்ச், மெஷினுங்க எடுக்கற படத்தைக் கீழ கடத்தி விடற பெட்டி அது, வர்ற சரக்கை முழுசா வாங்கிச் சரி பாத்து அனுப்பற ரகமா, இல்ல மூஞ்சியைப் பாத்ததும் அப்படியே தள்ளி விடற ரகமா. அதைத்தான் ஃபரூக் கேட்டாரு. அதைக் கேக்கறதுக்கு இத்தனை நாள் ஒரு ஆளு இல்லாமப் போச்சு, நான் உள்பட.

காலையில அவரு கேட்டதும் நான் பாட்டுக்கு டக்குனு சொல்லிட்டேன், முழுசா வாங்கிப் பாத்துட்டுத்தான் அனுப்பும் சார்னு. அவரு, பாத்தீங்களா மேடம்னாரு. ஆம்பூர்க்காரரு, பேச்சு சாதுவாத்தான் இருக்கும், ஆனா அந்தப் பாத்தீங்களாங்கறது மட்டும் எனக்குத் தொண்டையில மீன்முள்ளு மாதிரி நின்னுக்கிச்சு. பாக்கல. எங்க பாத்தேன். பழைய சென்டர்ல நான் மேய்ச்ச ஸ்விட்ச் அந்த ரகம், அதனால இதுவும் அந்த ரகம்னு நானே முடிவு கட்டிக்கிட்டேன். மேல்மாடி ஸ்விட்சை வெச்சுட்டுப் போன கம்பெனிக்காரன் பாஸ்வேர்டைக் குடுக்காம இழுத்தடிச்சான், இன்னிக்குக் காலையிலதான் மனசு வந்து அனுப்புனான், அது ஒரு சாக்கு. சாக்கு சாக்குதான். பாஸ்வேர்டு இல்லன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். தெரியாதுன்னு சொல்றது எங்க ஆபீஸ்ல கெட்ட வார்த்தை மாதிரி, யாரு வாயிலயும் வராது. ரகோத்தமன் சார், எங்க மேனேஜரு, அவரு தெரியாதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. வெயிலு எப்பக் குறையும்னு கேட்டாக்கூட ஒரு தேதி சொல்லுவாரு.

ரெண்டு ரகம்னு புதுசா வர்றவங்களுக்கு நான் எங்க வீட்டை வெச்சுத்தான் சொல்லுவேன். எங்க வீட்டுக்காரரு இளங்கோ இருக்காரே, நான் இந்தச் சனிக்கிழமைன்னு ஆரம்பிச்சாப் போதும், முடியாது எனக்கு வேலை இருக்குன்னுடுவாரு. சனிக்கிழமை உங்களுக்குப் பிடிச்ச எறா வாங்கலாம்னு சொல்ல வந்தேன்னா, அதை முன்னாடியே சொல்றதுக்கென்னன்னு என்மேலயே பாய்வாரு. அத்தை அப்படி இல்ல. எங்க மாமியாரு முழுசாக் கேட்டுக்குவாங்க, மூஞ்சியில ஒண்ணும் தெரியாது, ராத்திரி தூங்கி எந்திரிச்சு மறுநாள் காபி ஆத்திக்கிட்டே, நேத்து ஒண்ணு சொன்னியே வனஜா, அதுல ஒரு இடம் இடிக்குதேன்னு ஆரம்பிப்பாங்க. ஸ்விட்சும் அந்த மாதிரிதான். ஸ்கேன் எடுத்த படம் முழுசா ஒரே மூட்டையாப் போகாது, துண்டு துண்டாத்தான் போகும், அந்தத் துண்டுக்குத்தான் ஃப்ரேம்னு பேரு. ஒவ்வொரு துண்டுக்கும் தலையில விலாசம், வாலுல ஒரு கணக்கு. வாலுல இருக்கற கணக்கும் துண்டுக்குள்ள இருக்கறதும் ஒத்துப் போனாத்தான் துண்டு நல்ல துண்டு, இல்லன்னா வழியில எங்கயோ அடிபட்டிருக்குன்னு அர்த்தம். அத்தை ரகம் வாலு வர்ற வரைக்கும் காத்திருந்து, கணக்குப் பாத்து, கெட்டதுன்னா அங்கயே தூக்கிப் போட்டுரும். இளங்கோ ரகம் தலையில விலாசத்தைப் பாத்ததும் துண்டைத் தள்ள ஆரம்பிச்சுடும், வாலு வந்து சேரும்போது தலை அடுத்த ஊருக்கே போயிருக்கும். வேகம், சும்மா சொல்லக் கூடாது. ஆனா கெட்ட துண்டும் அதே வேகத்துல போகும். போன இடத்துல இருக்கறவன் எண்ணிப் பாத்து, என் வாசலுக்குக் கெட்ட துண்டு வந்துச்சுன்னு எழுதி வெப்பான். எங்க கெட்டுச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும். தன் வாசல்ல பாத்ததை அவன் எழுதுறான். அதைப் படிக்கறவங்கதான் வாசலுக்கு வந்த கேபிளைப் பிடிச்சுத் தொங்கறது.

கேபிளைப் பிடிச்சா பரவாயில்ல, கேபிள் போட்ட ஆளையில்ல பிடிச்சாங்க. சூசை அண்ணன். சூசைமாணிக்கம்னு பில்லுல இருக்கும், வாய்க்கு வர்றது சூசைதான். மேல்மாடி ஸ்விட்ச்லேந்து கீழ இந்த ரூம்ல இருக்கற ஸ்விட்ச் வரைக்கும் சுவத்துக்குள்ள இறங்குற ஃபைபர் கேபிளு அவரு போட்டது. எங்க சென்டருக்கு மட்டுமில்ல, தஞ்சாவூரு, கரூரு, புதுக்கோட்டை, எல்லாக் கிளையிலயும் அவரு கைதான். கண்ணாடி நூலு அது, தலைமுடியைவிட மெல்லிசு, அதைச் சீவி, முனையைத் தேச்சு, மூடியில ஒக்கார வைக்கணும். மூச்சு விட்டாக்கூடத் தூசி உக்காந்துரும். அவரு அந்த வேலை பண்ணும்போது பாத்திருக்கேன், நாக்கை லேசா வெளிய நீட்டிக்கிட்டுப் பண்ணுவாரு, சின்னப் பிள்ளைங்க கோலம் போடற மாதிரி. பேசவே மாட்டாரு. முடிஞ்சதும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, ம்னு ஒரு சத்தம் குடுப்பாரு, அவ்வளவுதான். இப்ப என்னாச்சுன்னா கீழ ஸ்விட்ச்ல அவரு கேபிளு நுழையற வாசல்ல கெட்ட துண்டு எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது. படம் திறக்க நேரமாகுது, டாக்டருங்க கத்தறாங்க, ஒரு டாக்டரு, நோயாளியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நான் மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கவான்னு ரகோத்தமன் சாருக்கே போன் போட்டுட்டாரு. கீழ ஸ்விட்ச் தினம் காலையில எண்ணிக்கையை சாரோட செல்லுக்குத் தானா அனுப்பிடும். சாரு அதைக் கோயில் பிரசாதம் மாதிரி கையில வெச்சுக்கிட்டு வந்து நிப்பாரு. சூசை அண்ணன் முனையை வெட்டி மறுபடி போட்டாரு. ஏறுச்சு. கேபிளையே மாத்தினாரு. ஏறுச்சு. திரும்பவும் முனை போட்டாரு, அன்னிக்கு மத்தியானச் சோறு திங்காம உக்காந்து போட்டாரு. ஏறுச்சு. அப்பத்தான் சாரு சொன்னாரு, திட்டக்கூட இல்ல, சும்மா சிரிச்ச மூஞ்சியா, சூசை உங்க கை நடுங்குதுய்யா, வயசாச்சுல்லன்னு.

அதைச் சொன்ன எடத்துல நானும் நின்னுக்கிட்டு இருந்தேன். சூசை அண்ணன் தன் கையைப் பாத்தாரு. நானும் பாத்தேன். அதுவரைக்கும் எத்தனை தடவை பாத்த கை, கட்டை விரல்ல பழைய தழும்பு, நகத்தடியில கருப்பு. நடுங்குன மாதிரிதான் இருந்துச்சு. சத்தியமா எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு. நடுங்குதுன்னு ஒருத்தரு சொன்னதுக்கு அப்புறம் எந்தக் கை நடுங்காது. அடுத்த நாளு அவரு டீ கிளாசை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சாரு, அதையும் பாத்தேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழ போட்டாரு. யாருதான் போடல, நான் நேத்து சாவிக்கொத்தை மூணு தடவை போட்டேன். ஆனா அவரு போட்டதும் ரூம்ல இருந்த எல்லாரும் திரும்பிப் பாத்தோம். அவரும் எங்க எல்லாரையும் பாத்தாரு. அப்புறம் அவராவே வந்து சொன்னாரு, என் கையிலதான் ஏதோ ஆகிப்போச்சு மேடம், நான் நிறுத்திக்கறேன்னு. நிறுத்திக்கறேன்னா இந்தச் சென்டரை மட்டும் இல்ல, தொழிலையே. இன்னிக்கு மூணு மணிக்கு எல்லாக் கிளைக்காரங்களும் சேர்ற கூட்டம் இருக்கு, போன்லதான். அதுல ரகோத்தமன் சாரு சொல்லப் போறாரு, பிரச்சினை கேபிளு வேலையில, ஆளை மாத்திட்டோம்னு. ஒரு தடவை அத்தனை பேரு காதுல விழுந்துச்சுன்னா அப்புறம் இந்தச் சுத்துவட்டாரத்துல அவரை யாரு கூப்பிடுவாங்க. கூப்பிட்டாலும் அவரு கத்தியை எடுப்பாரா. அதுதான் எனக்கு உறுத்துது. ஆளை விலக்கறது ஒண்ணு, அந்த ஆளே தன் கையை நம்பாமப் போறது வேற. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

தெரியும்னா, நெனைக்க வேணாம்னு பாக்கறேன், இந்தப் புல்லாங்குழலு விட மாட்டேங்குது. போன வருஷம் ஸ்டாஃபுக்கெல்லாம் மார்பு ஸ்கேன் ஓசியில எடுக்கறோம்னாங்க, நானும் போய் எடுத்துக்கிட்டேன். மறுநாள் ரிசப்ஷன்ல உக்காந்திருக்கற பொண்ணு, நல்ல பொண்ணுதான், அக்கா உங்களுது இடது பக்கம் ஏதோ இருக்காமேக்கா, டாக்டரு இன்னொரு தடவை பாக்கணும்னாராம்னு சொல்லிட்டு, பாவம், கையைப் பிடிச்சுக்கிட்டா. டாக்டரு ஊருல இல்ல. அவரு வர்ற வரைக்கும் நான் பட்ட பாடு. பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது இடது கையை உடம்போட ஒட்டி வெச்சுக்குவேன். குளிக்கும்போது விரலு அங்கயே போகும். இருக்கு. நிச்சயமா ஒண்ணு இருக்கு, பட்டாணி அளவு, அழுத்துனா வலிக்குது. இளங்கோகிட்ட சொல்லல, சொன்னா நான் பாதி சொல்லும்போதே அவரு முழுசா அழுதுடுவாரு. படம் இதோ இந்த ரூம்லதான் கிடந்துச்சு, இந்த டிஸ்க்குலதான், நானே எடுத்துப் பாத்தேன், வெள்ளையும் கருப்புமா என் உடம்பு, ஒண்ணும் புரியல, எல்லாமே கட்டியாத் தெரிஞ்சுச்சு. டாக்டரு வந்து பாத்துட்டு, எடுக்கும்போது தோலு மடிஞ்சிருக்குங்க, படம் தெளிவா இல்ல, அதான் இன்னொண்ணு எடுக்கச் சொன்னேன்னாரு. இன்னொண்ணு எடுத்தாங்க. ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வந்து குளிச்சேன். விரலு போச்சு. பட்டாணி இல்ல. எங்க போச்சு அது, வலிச்சுதே, அந்த வலி பொய்யா. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே வரல. அவ காதுல விழுந்ததை என் காதுல போட்டா, விலாசம் என்னுதுதான், சரியாத்தான் கொண்டாந்து குடுத்தா. பாதி சேதிதான் வந்திருந்துச்சு, அவ்வளவுதான்.

சரி, இதையெல்லாம் ஏன் இப்ப. ஏன்னா தட்டப் பயமா இருக்கு, வேற என்ன. அத்தை ரகம்னு வந்துச்சுன்னா சூசை அண்ணனுக்குத் தப்பிக்க வழியே இல்ல. மேல இருக்கற ஸ்விட்ச் ஒவ்வொரு துண்டா வாலு வரைக்கும் பாத்து, நல்லதை மட்டும் கீழ அனுப்புதுன்னா, கீழ வந்து சேரும்போது கெட்டிருந்தா நடுவுல கெட்டதுதான். நடுவுல இருக்கறது அவரு கேபிளு மட்டும். அவரு கையி மட்டும். அப்ப நானே அதை என் வாயால சொல்லணும். ஃபரூக் கேப்பாரு, எழுதிக்குவாரு. ரகோத்தமன் சாரு நான் அப்பவே சொன்னேன்ல வனஜான்னுவாரு, அந்த அப்பவேயை இழுத்துச் சொல்லுவாரு. அப்புறம் நான் வாசலுக்குப் போகணும், சூசை அண்ணன் அங்க வாட்ச்மேன் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருக்காரு, கூட்டத்துல என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்க, பையை மடியில வெச்சுக்கிட்டு. என்னன்னு சொல்லுவேன். அண்ணே, ஒரு டாக்டரைப் பாருங்கன்னா. நரம்பு டாக்டரு ஒருத்தரு நம்ம சென்டருக்கே படம் பாக்க வர்றாரு, நான் சொல்றேன்னா. இளங்கோ ரகம்னு வந்துச்சுன்னா அது வேற. கெட்ட துண்டு மேல்மாடி ஸ்விட்சுக்கே கெட்டுப் போய்த்தான் வந்திருக்கலாம், அது பாட்டுக்குத் தள்ளி விட்டிருக்கும், கீழ இருக்கறவன் எண்ணியிருப்பான். அவரு கேபிளு வெறும் வழி. வந்ததைக் கொண்டாந்து விட்டதுக்கு வழியைப் போட்டு அடிக்கறதா. ஒண்ணு எனக்கு ரொம்ப நாளா இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எண்ணிக்கை எல்லா நாளும் ஒரே மாதிரி ஏறல. எம்ஆர்ஐ நெறைய எடுத்த நாள்ல தாறுமாறா ஏறுச்சு, எக்ஸ்ரேயா எடுத்த நாள்ல சும்மா கிடந்துச்சு. ரெண்டும் அதே கேபிள்லதான் இறங்குது. முனை சரியில்லன்னா ரெண்டையும் கெடுக்கணுமே, அதென்ன எம்ஆர்ஐ மேல மட்டும் பகை. இதை நான் சாருகிட்ட ஒரு தடவை சொன்னேன். எம்ஆர்ஐ படம் பெருசும்மா, துண்டு ஜாஸ்தி, அதான்னாரு. அதுவும் சரிதானேன்னு விட்டுட்டேன். எனக்கு இதான் கோளாறு, யாராவது சத்தமாச் சொன்னா சரிதானோன்னு தோணிடும். ஆசையா இருக்கு, இளங்கோ ரகமா இருக்கணும்னு. ஆசைப்பட்டா வரி மாறிடுமா. அந்த வரி எப்பவோ எழுதியாச்சு, அந்தக் கம்பெனிக்காரன் வெச்சுட்டுப் போன அன்னிக்கே எழுதியாச்சு, நான் இங்க விரலை வெச்சுக்கிட்டு வேண்டிக்கறேன். பரீட்சை எழுதி முடிச்சுட்டு ரிசல்ட்டுக்கு முந்தின நாள் பிள்ளையாரைச் சுத்துற கதை.

கதவு திறக்குது, சூடா ஒரு காத்து, ரகோத்தமன் சாரு தலையை மட்டும் உள்ள நீட்டறாரு. குளிருக்குப் பயந்து முழுசா வர மாட்டாரு. என்னாச்சும்மா, கூட்டம் ஆரம்பிக்கப் போகுது, கேபிளுன்னு சொல்லிடலாமாங்கறாரு. ஃபரூக் வரட்டும் சார், ஒரு விஷயம் பாக்கணும்கறேன். என்ன விஷயம்கறாரு. மேல்மாடி ஸ்விட்ச் எந்த மோடுல அனுப்புதுன்னு பாக்கணும்கறேன். அதுதான் தெரியுமே, பாத்துட்டுத்தானே அனுப்புதுங்கறாரு. இந்த வார்த்தையை அவருக்குக் குடுத்ததே நான்தான், போன மாசமோ என்னவோ இதே ரூம்ல வெச்சு, இப்ப அது பத்து இடம் சுத்தி வேற சட்டை போட்டுக்கிட்டு எங்கிட்டயே வந்து நிக்குது. பாத்தீங்களா சார்னு கேக்கணும் போல இருந்துச்சு. கேக்கல. கேட்டா என்னைத்தான் நான் கேட்டுக்கணும். கதவை மூடிட்டுப் போயிட்டாரு, சூடு கொஞ்ச நேரம் கால்கிட்ட நின்னுச்சு.

புல்லாங்குழலு டப்புனு நின்னுச்சு. ஃபரூக் வந்துட்டாரு, மன்னிச்சுக்குங்க மேடம், இன்னொரு கஸ்டமருன்னாரு, உங்க திரை தெரியுது, அடிங்கன்னாரு. இனிமே சாக்கு இல்ல. விரலு தானா இறங்கிடுச்சு, நான் இறக்குனேன்னு சொல்ல முடியாது. வரி வந்துச்சு. ஒரே வரி, நெனைச்ச மாதிரியேதான், ஆரவாரமே இல்லாம. நான் படிச்சேன். இன்னொரு தடவை படிச்சேன், ஆசையில தப்பாப் படிக்கறேனோன்னு. ஃபரூக் நான் சொல்லட்டும்னு விட்டுட்டாரு போல, தங்கமான மனுஷன். “கட்-த்ரூ,” அப்படின்னேன். “தலையைப் பாத்ததும் தள்ளி விடுது சார். வாலு வரைக்கும் பாக்கல.” சரிங்க மேடம், அப்ப மேல ஸ்விட்ச்ல ஒவ்வொரு வாசலா எண்ணிக்கையைப் பாருங்கன்னாரு. பாத்தேன். எக்ஸ்ரே வாசல்ல சுத்தம். சிடி வாசல்ல சுத்தம். எம்ஆர்ஐ மெஷினோட சர்வர்லேந்து வர்ற வாசல்ல, அம்மாடி, கீழ எண்ணுனதுக்கு ஈடா அப்படியே நிக்குது. மெஷினோட பெட்டியிலயே வந்த ரெடிமேடு கேபிளு அது, மெஷின் கம்பெனிக்காரன் வந்து செருகுனது, சூசை அண்ணன் தொட்டதுகூட இல்ல. அங்கயே கெட்டுத்தான் ஏறி வந்திருக்கு. மேல ஸ்விட்ச் தள்ளி விட்டுருக்கு. சூசை அண்ணன் கேபிளு ஒண்ணு விடாமக் கொண்டாந்து சேத்திருக்கு. அவரு முனையை எத்தனை தடவை வெட்டிப் போட்டா என்ன, தங்கத்துலயே போட்டிருந்தாலும் எண்ணிக்கை ஏறித்தான் இருக்கும். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஃபரூக்குக்குத் தெரியாம இருக்க மூக்கை உறிஞ்சிட்டு, ஏசி சார், குளிருன்னேன். அவரு கேக்கவே இல்ல.

கூட்டத்துல நானே பேசுனேன். ரகோத்தமன் சாரு ஆரம்பிக்கறதுக்குள்ள மைக்கை இழுத்து, ஒரு நிமிஷம் சார்னு, எங்க இருந்து வந்துச்சோ அந்த தைரியம். மேல்மாடி ஸ்விட்ச் எந்த மோடுன்னு நாங்க யாருமே பாக்கல, பாக்காமலே பேசுனோம், இன்னிக்குப் பாத்தோம், கேபிளு வேலையில ஒரு குத்தமும் இல்லன்னேன். நாங்கன்னுதான் சொன்னேன், நீங்கன்னு சொல்லல. கரூர்க்காரரு, எங்க ஸ்விட்சும் என்ன மோடுன்னு பாத்துடறோம்னாரு. ரகோத்தமன் சாரு கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்துட்டு, அப்ப மெஷின் கம்பெனிக்குக் கம்ப்ளைன்ட் போட்டுருங்கன்னாரு. சூசை பேரை அவரு எடுக்கவே இல்ல. கையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அவரு மனசுல அது எப்பவோ கடந்து போயிருச்சு. சொன்னவருக்கு அது ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

மேனேஜரு ரூம்லேந்து படியில இறங்கிப் போனேன், லிஃப்ட்டுக்கு நிக்கப் பொறுமை இல்ல. வெயிலு மூஞ்சியில அடிச்சுச்சு, சால்வையோடவே வந்துட்டேன், வாட்ச்மேன் ஒரு மாதிரி பாத்தாரு. சூசை அண்ணன் ஸ்டூல்லேந்து எந்திரிச்சாரு. உக்காருங்கண்ணேன்னேன், உக்காரல. சொன்னேன். துண்டு, தலை, வாலு, மோடு எல்லாம் கலந்தடிச்சுச் சொன்னேன், அவருக்குப் புரிஞ்சுச்சோ என்னவோ, தலையை ஆட்டிக்கிட்டே கேட்டாரு. கெட்டது அவரு கேபிளுக்கு வர்றதுக்கு முன்னாடியே கெட்டுத்தான் வந்திருக்கு, எம்ஆர்ஐ மெஷினோட வந்த கேபிளு அது, கூட்டத்துலயும் சொல்லியாச்சுன்னேன். குதிப்பாருன்னு நெனைச்சேன், இல்ல அழுவாருன்னு நெனைச்சேன். ஒண்ணும் இல்ல. பையைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுனாரு, உள்ளங்கை மேல பாக்க, அப்புறம் திருப்பி. நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். இப்பவும் லேசா நடுங்குன மாதிரிதான் இருந்துச்சு எனக்கு. அந்த வெயில்ல, அந்த நேரத்துல, என் கையி நடுங்கலையா என்ன.

“அப்ப கையி சரியாத்தான் இருந்துச்சாம்மா?” அப்படின்னாரு. மேடம் போயி அம்மான்னு வந்துருச்சு. ஆமாண்ணேன்னேன். அவரு ரோட்டைப் பாத்தாரு. அப்புறம் எங்கிட்டச் சொல்லல, ரோட்டுக்கிட்டச் சொல்ற மாதிரி மெதுவாச் சொன்னாரு, பெரிய பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்காளாம், பேரன் பொறந்து இருபது நாளாச்சாம், அவரு இன்னும் தூக்கல. கீழ போட்டுருவோமோன்னு பயம். சளி பிடிச்சிருக்கு, கை அழுக்கா இருக்கு, குளிச்சுட்டு வரேன்னு தினம் ஒண்ணு சொல்லிச் சமாளிச்சிருக்காரு. அப்பாவுக்குப் பேரன் மேல பாசமே இல்லன்னு நேத்து பொண்ணு அம்மாகிட்டச் சொல்லி அழுதிருக்கா. போங்கண்ணே, இன்னிக்கே போய்த் தூக்குங்கன்னேன். அவரு பையை எடுத்துத் தோள்ல மாட்டுனாரு, ரெண்டு அடி நடந்தாரு, நின்னாரு, திரும்புனாரு.

“மொதல்ல உக்காந்துக்கிட்டே மடியில வாங்கிக்கறேன் மேடம்,” அப்படின்னாரு.